முன்னால் போகிறவள்

சாயங்காலம் நாலே முக்கால் மணி.

சிரிக்காதீர்கள். பன்னிரண்டு அடித்தால்தான் கதையை ஆரம்பிக்க வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை. குளிர் தேசங்களில் நவம்பர் பிறந்துவிட்டால் நாலு மணிக்கே சூரியன் கடையைக் கட்டிவிடும். நாலே முக்காலுக்குக் கும்மிருட்டு. நம்முடைய நடுச்சாமமெல்லாம் அதன் பக்கத்தில் நிற்க முடியாது.

அந்த இருட்டில் ஒரு சாலை. ஒன்றரை கிலோமீட்டர். ஒரு முனையில் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஸ்டாப். இன்னொரு முனையில் ஐந்தே ஐந்து வீடு. நடுவில் இரண்டு பக்கமும் ஊசி ஊசியாக இலை வைத்த உயர்ந்த மரங்கள். மொத்தச் சாலைக்கும் மூன்று விளக்கு. ஸ்டாப்பில் ஒன்று, பாதியில் ஒன்று, வீடுகள் ஆரம்பிக்கிற வளைவில் ஒன்று. மற்ற இடமெல்லாம்... உங்கள் கையை நீட்டினால் விரல் தெரியாது.

கடைசியில் உட்கார்ந்திருப்பவர் கொஞ்சம் உள்ளே தள்ளி வாருங்கள். ம். இப்போது சரி.

இது எனக்கு நடந்ததில்லை. என்னோடு வேலை பார்க்கிற கணக்கு டீச்சரின் தங்கைக்கு நடந்தது. டீச்சருக்குப் பொய் சொல்ல வராது. ஹெட்மாஸ்டரிடம் லீவு கேட்க ஒரு தலைவலியைக்கூடக் கண்டுபிடிக்கத் தெரியாத பிறவி. அதனால்தான் நான் நம்பினேன்.

தங்கையை வீட்டில் வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். எதிரே இருக்கிறவர் கொட்டாவி விட வாயைத் திறந்தால், அந்த வாய் மூடுவதற்குள் இரண்டு விஷயம் சொல்லி முடித்துவிடுவாள். அவள் படித்தது மண்ணைப் பற்றிய படிப்பு. எந்த மண் எவ்வளவு பாரம் தாங்கும், எது அமுங்கும், அமுங்கினால் எந்தப் பக்கம் அமுங்கும் என்பதெல்லாம் அதில் வரும். ஆறு மாதம் வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் படித்துவிட்டு வர அவளுடைய கல்லூரியில் ஒரே ஒரு இடம். அது இவளுக்குக் கிடைத்தது. அம்மா அக்கம்பக்கம் அத்தனை பேருக்கும் சொல்லி ஓய்ந்தாள். அப்பா வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் சவரம் செய்யும்போது சீட்டி அடித்தார்.

போய் இறங்கினால், அங்கே ஹாஸ்டலில் இடமில்லை. காலியானதும் சொல்கிறோம், அதுவரை இந்த வீட்டில் இரு என்று ஒரு முகவரி கொடுத்தார்கள். அதுதான் அந்த ஐந்து வீட்டில் கடைசி வீடு.

வீட்டம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். தனிக்கட்டை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. எந்நேரமும் கையில் பிளீச்சிங் வாடையும் சூடான துணி வாடையும் அடிக்கும். பேச்சு மட்டும் கிடையாது. ஒரு நாளைக்கு மொத்தம் இருபது வார்த்தை. அதில் எட்டு, வீட்டைச் சூடாக்குகிற பாய்லரைத் திட்டுவதற்கு. அவள் பேசியது வேறு பாஷை. உங்களுக்காக நம் பேச்சில் சொல்கிறேன்.

முதல் மாதம் எல்லாருக்கும் போலத்தான். சாவியை இரண்டு சுற்றுச் சுற்றினால்தான் கதவு பூட்டும். குப்பையை நாலாகப் பிரிக்க வேண்டும். தப்பான டப்பாவில் போட்டால் வீட்டம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள், எடுத்துச் சரியான டப்பாவில் போடுவாள். திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கும். வகுப்பில் வாத்தியார் ஜோக் சொல்வார். எல்லாரும் சிரித்து முடித்த பிறகு இவளுக்குப் புரியும். அப்போது சிரித்தால் அசடு, சிரிக்காவிட்டால் உம்மணாமூஞ்சி. லேபில் அவளோடு சேர்ந்து மண் சலிக்கிற பெண்கள் நல்லவர்கள்தான். ஆனால் அவர்கள் பேசுகிற வேகத்துக்கு இவள் ஒரு வாக்கியத்தை மனசுக்குள் கட்டி முடிப்பதற்குள் பேச்சு எங்கேயோ போயிருக்கும்.

வாயாடியின் வாய் மூடியது. ஒரு நாளில் சில சமயம் மூன்று வார்த்தை. ஹலோ, தேங்க்யூ, ஸாரி.

அக்காவிடமாவது சொல்லியிருக்கலாம். தினமும் ராத்திரி போன் பேசுவார்கள். ஆனால் அக்கா பக்கத்தில் அம்மா உட்கார்ந்திருப்பாள். அப்பா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். அதனால், நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், எல்லாரும் நல்லாப் பழகுறாங்க. அவ்வளவுதான். வைத்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் அழுவாள்.

அக்டோபர் முடிகிற சமயம். இருட்டு ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்து வந்து, ஒரு நாள் அவள் பஸ்ஸைப் பிடித்துவிட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கினால் எதிரே சாலையே இல்லை. டிரைவர் கதவை மூடிக்கொண்டு திரும்பிப் போனார். பின்னால் சிவப்பு விளக்கு இரண்டும் சிறுத்துச் சிறுத்து... போய்விட்டது. போனை எடுத்து வெளிச்சம் போட்டாள். குளிரில் பேட்டரி இரண்டே நிமிடத்தில் செத்தது. அந்த ஒன்றரை கிலோமீட்டரை அவள் நடக்கவில்லை, ஓடினாள். வீட்டுக்கு வந்து கையுறையைக் கழற்ற விரல் ஒத்துழைக்கவில்லை.

மறுநாளும் ஓடினாள். மூன்றாம் நாள், பஸ்ஸிலிருந்து இறங்கித் தைரியம் சேர்த்துக்கொண்டு நின்றபோது... முன்னால் ஒரு ஆள் போய்க்கொண்டிருந்தது.

ஐம்பது அடி தூரம் இருக்கும். கால் வரைக்கும் தொங்குகிற கறுப்புக் கோட்டு. தலையில் முக்காடு மாதிரி கோட்டோடு சேர்ந்த தொப்பி. பெண்பிள்ளை என்று நடையில் தெரிந்தது. ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஒரு மரம் அறுக்கிற மில் உண்டு. அங்கே வேலை முடிந்து போகிறவளாக இருக்கும் என்று இவள் நினைத்துக்கொண்டாள். யாராயிருந்தால் என்ன? துணைக்கு ஒரு ஆள் இருக்கிறதே! அன்றைக்கு ஓடவில்லை. அவள் பின்னாலேயே நடந்தாள். பாதி வழி விளக்கில் அந்த உருவம் ஒரு கணம் தெரியும், பிறகு இருட்டு. வளைவில் மறுபடி ஒரு கணம் தெரியும். இவள் வளைவுக்கு வரும்போது ஆள் இருக்காது. மற்ற நாலு வீட்டில் ஏதோ ஒன்றுக்குள் போயிருப்பாள்.

மறுநாளும் இருந்தாள். அதற்கு மறுநாளும்.

இவள் மெதுவாக நடந்தால் அவளும் மெதுவாக நடந்தாள். ஷூ லேஸ் கட்டக் குனிந்தால் அங்கேயும் நடை நின்றது. அடடா, எனக்காக நிக்கிறாங்களே என்று இவளுக்கு மனசு உருகிப்போனது. விளக்கடியில் பார்த்ததில் ஒரே ஒரு வேடிக்கை மட்டும் கண்ணில் பட்டது. அந்தக் கோட்டுக்கு முதுகில் மேலிருந்து கீழ்வரை பித்தான் வரிசை. இந்த ஊரில் முதுகில் பித்தான் வைத்துத் தைப்பார்கள் போலிருக்கிறது, ஒருத்தரே எப்படி மாட்டிக்கொள்வார்கள் என்று சிரித்துக்கொண்டாள். ராத்திரி போனில் அக்காவிடம்கூட அதைச் சொன்னாள்.

இரண்டாவது வாரம் அவள் பேச ஆரம்பித்தாள்.

யாரிடம்? முன்னால் போகிறவளிடம்தான். தமிழில். அந்த அம்மாவுக்கு ஒரு எழுத்துப் புரியப் போவதில்லை. காதில் விழுந்தாலும் யாரோ பாட்டுப் பாடுகிறார்கள் என்று நினைத்துக்கொள்வாள். நாளெல்லாம் மூடிக் கிடந்த வாய்க்கு அந்த ஒன்றரை கிலோமீட்டர் விடுதலை. முதல் நாள் மெல்ல முணுமுணுத்தாள். பிறகு சாதாரணக் குரலில். பிறகு கையை ஆட்டி ஆட்டி. வகுப்பில் நடந்தது, மண் சலித்தது, குப்பை டப்பா, குளியலறைக் குழாய். அம்மாவிடம் சொல்லாதது, அக்காவிடம் சொல்லாதது, தனக்கே சொல்லிக்கொள்ளாதது எல்லாம்.

பேசுகிறவளை எப்படியாவது கூப்பிட வேண்டுமே. வழியில் பார்க்கிற பெண்பிள்ளையை நாம் என்னவென்று கூப்பிடுவோம்? அப்படித்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, இன்னிக்கி என்னாச்சு தெரியுமா..."

இதைச் சொல்லும்போது கணக்கு டீச்சர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார்.

ஒரு நாள் பஸ் டிரைவர், கடைசி ஸ்டாப்பில் இவள் மட்டும் இறங்கும்போது, கூட்டிப்போக யாரும் வர மாட்டார்களா என்று கேட்டார். நல்ல மனுஷன். இவளுக்குப் பெருமை. எனக்குத் துணை இருக்கிறது, மில்லில் வேலை செய்கிற ஒரு அம்மா தினமும் எனக்கு முன்னால் போகிறார் என்று வார்த்தையைக் கட்டிக் கட்டிச் சொன்னாள். டிரைவர் கண்ணாடி வழியாகச் சாலையை ஒருமுறை பார்த்தார். மில்லில் வேலை செய்கிறவர்கள் மூன்று மணிக்கே காரில் போய்விடுவார்களே என்றார். அவ்வளவுதான் சொன்னார். கதவு மூடியது. இவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏனென்றால் முன்னால்... ஐம்பது அடி தூரத்தில்... கோட்டு நின்றுகொண்டிருந்தது. இவள் வருவதற்காக.

அந்த வாரம்தான் வாடையும் வந்தது. வெள்ளிக்கிழமை பையில் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைத் திங்கட்கிழமை திறந்தால் ஒரு வாடை வருமே... மூடி வைத்த வாடை. அது. காற்று எதிரே இருந்து வீசும்போதெல்லாம் முகத்தில் அடித்தது. மில்லில் ஏதோ ஈரமரம் அழுகுகிறது என்று மூக்கை மூடிக்கொண்டு பேசினாள். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.

நவம்பர் பாதியில் முதல் பனி விழுந்தது.

மத்தியானம் முழுக்கக் கொட்டிவிட்டு, அவள் பஸ் ஏறும்போது நின்றுவிட்டது. வாழ்க்கையில் முதல்முறை பனி பார்க்கிறாள். ஸ்டாப்பில் இறங்கியதும் கையால் அள்ளிப் பார்த்தாள். சாலை, மரம், மரக்கிளை எல்லாம் வெள்ளை. சத்தம் எல்லாவற்றையும் பனி தின்றுவிட்டிருந்தது. காது அடைத்த மாதிரி. அவளுடைய பூட்ஸ் மட்டும் 'கிறக்... கிறக்...' என்று, உப்பு மூட்டையை மிதிக்கிற சத்தம். பனி விழுந்த காற்றில் வாசனையே இருக்காது என்பார்கள். அன்றைக்கு அந்த டிபன் பாக்ஸ் வாடை மட்டும் தனியாக, துல்லியமாக வந்தது.

முன்னால் அவள் போய்க்கொண்டிருந்தாள். ஐம்பது அடி இல்லை. முப்பது இருக்கும். பனியால் கிட்டத்தில் தெரிகிறது என்று நினைத்தாள்.

"அக்கா, பனி பாத்தீங்களா? எங்க வீட்ல போட்டோ கேட்டு உயிர வாங்குறாங்க..."

பேசிக்கொண்டே பாதி வழி விளக்கடிக்கு வந்தாள். வெளிச்சம். கீழே பார்த்தாள். புதுப்பனியில் ஒற்றை வரிசைக் காலடித் தடம். நல்லதாகப் போயிற்று, அந்தத் தடத்திலேயே கால் வைத்து நடந்தால் வழுக்காது என்று முதல் தடத்தின் மேல் காலைத் தூக்கினாள்.

தூக்கிய கால் அப்படியே நின்றது.

மண் படித்தவள் இல்லையா? பாரம் எங்கே விழுந்தது, எது குதி, எது விரல் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். பனியில் அப்படியே அச்சு மாதிரிப் பதிந்திருந்தது. குதி அந்தப் பக்கம். விரல் முனை இந்தப் பக்கம். இவளைப் பார்த்து.

யாரோ முன்னமே எதிர்த்திசையில் வந்திருப்பார்கள் என்று நினைத்து, வேறு தடம் தேடினாள். வலது பக்கம் பார்த்தாள். இடது பக்கம் பார்த்தாள். சாலை முழுக்கக் கலையாத பனி. இருந்தது இந்த ஒரே வரிசை. விளக்கடியிலிருந்து நேராக... முன்னால் போகிறவளின் கால் வரைக்கும்.

அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தாள். பித்தான் வரிசை.

முதுகில் யாரும் பித்தான் வைப்பதில்லை. எந்த ஊரிலும் வைப்பதில்லை. மூன்று வாரமாக அவள் பார்த்துக்கொண்டு நடந்தது முதுகை இல்லை.

முன்னால் போகிறவள் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தாளே... அவளுக்குத் திரும்ப வேண்டிய தேவையே இருக்கவில்லை. பின்பக்கமாக நடந்துகொண்டே, தொப்பிக்குள் இருந்து, மூன்று வாரமாக இவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இவள் கையை ஆட்டியதை. இவள் அழுததை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு.

வாயாடிக்குப் பேச்சு நின்றது.

நின்றதும், அந்த உருவம் ஒரு அடி எடுத்து வைத்தது. பின்னால் இல்லை. முன்னால். இவளைப் பார்த்து.

சத்தமே இல்லை. இவள் பூட்ஸுக்குக் 'கிறக்' என்ற பனி, அந்தக் காலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

இன்னொரு அடி.

திரும்பி ஓடினால் ஸ்டாப்புக்கு முக்கால் கிலோமீட்டர். அடுத்த பஸ் ஒரு மணி நேரம் கழித்து. அங்கே போய் யாரிடம் நிற்பது? ஓடுகிற முதுகை அதற்குக் காட்டவும் தைரியமில்லை. என்ன செய்கிறோம் என்று தெரியாமலே வாய் திறந்தது.

"அ... அக்கா. இன்னிக்கி லேப்ல... லேப்ல ஒரு பொண்ணு சல்லடைய கீழ போட்டுட்டா..."

உருவம் நின்றது. கேட்டது. பிறகு மெல்ல, ஒரு அடி பின்னால் வைத்தது. பழையபடி. பேசினால் அது பின்னால் போகிறது. நிறுத்தினால் கிட்டே வருகிறது.

யோசித்துப் பாருங்கள். இன்னும் முக்கால் கிலோமீட்டர் பாக்கி. மூச்சு வாங்குகிற நேரம்கூட வாய் ஓயக் கூடாது.

பேசினாள். சல்லடையைப் பற்றிப் பேசினாள். வாத்தியாரைப் பற்றிப் பேசினாள். கால் தன்பாட்டுக்கு நடந்தது. விளக்கு பின்னால் போய்விட்டது. இருட்டில் பனியின் வெளிச்சம் மட்டும், அதில் ஒரு கறுப்பு. பேச்சுக்கு நடுவில் எச்சில் விழுங்கினாள். அந்த ஒரு விழுங்கலுக்குள் கறுப்பு இரண்டடி பெரிதானது. மறுபடி பேசினாள். பதினாறாம் வாய்ப்பாடு சொன்னாள். சித்தப்பா கல்யாணத்தில் யார் யார் சண்டை போட்டார்கள் என்று சொன்னாள். வீட்டிலிருந்து காலேஜுக்குப் போகிற வழியில் வருகிற ஸ்டாப் பெயரெல்லாம் வரிசையாகச் சொன்னாள், திரும்பி வருகிற வரிசையிலும் சொன்னாள். ஐந்தாம் வகுப்பில் யாருடைய பென்சிலைத் திருடினாள் என்று சொன்னாள். குளிர்காற்று தொண்டைக்குள் இறங்கி ரம்பம் மாதிரி அறுத்தது. குரல் உடைந்து, காற்றாகப் போய், மறுபடி வந்தது.

வாழ்க்கை முழுக்க, இந்தப் பெண்ணுக்குப் பேச்சு தீராதா என்றுதான் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். அன்றைக்குத் தீர்ந்தது.

வளைவு விளக்கு தெரிந்தது. இன்னும் நூறடிதான். தலைக்குள் தேடினாள். ஒன்றுமே இல்லை. சொன்னதையே திரும்பச் சொல்லிப் பார்த்தாள். சல்லடை... லேப்ல ஒரு பொண்ணு... கறுப்பு பின்வாங்கவில்லை. அதை அது முன்னமே கேட்டாயிற்று. ஒரு அடி வந்தது. வேறு ஏதோ சொன்னாள். அதுவும் பழையது. இன்னொரு அடி. பத்தடி தூரத்தில் பித்தான் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தொப்பிக்குள் மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"அவ்ளோதான் அக்கா. எங்கிட்ட சொல்றதுக்கு இனிமே ஒண்ணுமில்ல."

பிறகு மௌனம்.

வாடை வந்தது. முதலில் காற்றில். பிறகு கன்னத்தில். பிறகு... மூக்குக்கு நேரே, ஈரமாக, விட்டு விட்டு. மூச்சு. குளிர்ந்த மூச்சு.

எத்தனை நேரமென்று அவளுக்குத் தெரியாது. காது கிழிகிற மாதிரி ஹாரன் சத்தம் கேட்டது. மூடிய இமைக்குள் மஞ்சள் வெளிச்சம் பாய்ந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே வெறும் சாலை. பனி. பின்னால் வீட்டம்மாவின் பழைய கார், எஞ்சின் உறுமிக்கொண்டு. சலவைக்கூடத்தில் மெஷின் ஒன்று பழுதாகி அன்றைக்குச் சீக்கிரம் அனுப்பிவிட்டார்களாம்.

வீட்டம்மா இறங்கி வந்து, ஒன்றும் கேட்காமல் அவளைத் தோளைப் பிடித்துக் காருக்குள் தள்ளி, நாலு கதவையும் பூட்டினாள். வீட்டுக்குப் போய் அடுப்புப் பக்கத்தில் உட்கார வைத்து, சூடான துவாலையைக் கழுத்தில் சுற்றிவிட்டாள். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"யாரு அது, உன் கூட நின்னது?"

இவளுக்குப் பேச வரவில்லை. தொண்டையிலிருந்து காற்று மட்டும் வந்தது.

"ரெண்டு பேரும் மூக்கும் மூக்கும் இடிக்கிற மாதிரி நின்னீங்க. ஏதோ ரகசியம் பேசுறீங்கன்னு நெனச்சேன்," என்றாள் வீட்டம்மா. கொஞ்ச நேரம் துவாலையைச் சரி செய்துகொண்டே இருந்தாள். "மூஞ்சி தெரியல. வாய் மட்டும்தான் தெரிஞ்சுது. அது அசைஞ்சுகிட்டே இருந்துச்சு."

மூன்று நாள் காய்ச்சல். மூன்று நாளும் குரல் இல்லை. கல்லூரி டாக்டர் தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, எங்கே போய்க் கத்தினாய் என்று கேட்டார். நாலாம் நாள் குரல் கொஞ்சம் வந்ததும் அக்காவுக்குப் போன் செய்தாள். அம்மா பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து. அப்போதுதான் முதல்முறையாக எல்லாவற்றையும் சொன்னாள். சாலையை மட்டுமல்ல, குழாயைத் திறந்து வைத்து அழுததையும்.

டீச்சருக்குப் பயத்தைவிட அதுதான் உறைத்தது. என்கிட்ட நல்லா இருக்கேன் நல்லா இருக்கேன்னு சொல்லிட்டு, அதை எல்லாம் எங்கேயோ கொண்டு போய்க் கொட்டியிருக்காளே என்று. உடனே கிளம்பி வந்துவிடு, படிப்பும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், அப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று டீச்சர் அழுதிருக்கிறார்.

"வரமாட்டேன்க்கா," என்றாளாம் தங்கை, அந்த உடைந்த குரலில். "இப்ப ஓடி வந்தா, ஆயுசு முழுக்க ஓடிட்டே இருப்பேன். ஆனா இனிமே உங்கிட்ட எல்லாத்தையும் சொல்றேன். நீ கேக்கணும்."

ஹாஸ்டலில் அறை காலியாக ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் வீட்டம்மா ஷிஃப்டை மாற்றிக்கொண்டு, கல்லூரி வாசலுக்கே காரில் வந்து கூட்டிப்போனாள். ஒரு விஷயம் கேளுங்கள். கடைசி ஸ்டாப் தாண்டி அந்தச் சாலைக்குள் கார் நுழைந்ததும், ஒரு நாளைக்கு இருபது வார்த்தை பேசுகிற அந்த மனுஷி பேச ஆரம்பிப்பாள். பாய்லர், செத்துப்போன புருஷன், சலவைக்கூடத்துத் தலையணை உறை, வாய்க்கு வந்ததெல்லாம். கேட்டுக்குள் கார் போகும்வரை ஒரு நொடி நிறுத்த மாட்டாள். பதில் எதிர்பார்க்கவும் மாட்டாள். கண் மட்டும் சாலையை விட்டு நகராது. கையிரண்டும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்திருக்கும்.

அந்தச் சாலையில் முன்னே யாராவது செத்தார்களா, விபத்து ஏதாவது நடந்ததா என்று இவள் கேட்டாள். முப்பது வருஷமாக அங்கே இருக்கிறவள் வீட்டம்மா. ரொம்ப நேரம் யோசித்தாள். அப்படி யாரும் இல்லை என்றாள். யாராவது செத்திருந்தால்கூடக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும் என்று இவளுக்குத் தோன்றியதாம்.

பிறகு ஹாஸ்டல். நடு ஊர். ஜன்னலைத் திறந்தால் கடைகள், ராத்திரியிலும் வெளிச்சம், பத்து பாஷை பேசுகிற பிள்ளைகள் கூட்டம். வேறு பஸ், வேறு ரூட், நாலே ஸ்டாப். பக்கத்து அறைப் பெண் ஒருத்தி சிநேகிதியானாள். அவளும் வெளிநாட்டிலிருந்து வந்தவள்தான். இரண்டு பேரும் தப்புத் தப்பாகப் பேசி, தப்புத் தப்பாகச் சிரித்து, மெல்ல மெல்ல வாயாடிக்கு அந்தப் பாஷையும் வந்தது. வாத்தியார் ஜோக் சொன்னபோது எல்லாரோடும் சேர்ந்து ஒரே நேரத்தில் சிரித்தாள். அன்றைக்கு ராத்திரி அதை அக்காவிடம் சொல்லித் துள்ளினாள். செமஸ்டரை முடித்துக்கொண்டுதான் ஊர் வந்தாள். இப்போது நல்ல வேலையில் இருக்கிறாள். யாராவது முன்னால் போனால் மட்டும் அவர்களைத் தாண்டிப் போய்விடுவாள், இல்லையென்றால் அவர்கள் மறையும்வரை நின்றுவிடுவாள். மற்றபடி ஒன்றுமில்லை.

ஒன்றுமில்லை என்று முடித்துவிடத்தான் எனக்கும் ஆசை...

ஹாஸ்டலுக்குப் போன இரண்டாவது வாரம், சனிக்கிழமை, வீட்டம்மாவிடமிருந்து போனில் ஒரு செய்தி வந்தது. இரண்டு மூன்று வரி. உன் அக்கா ஊரிலிருந்து வந்திருக்கிறாள் போலிருக்கிறது, எனக்கு ஏன் முன்னமே சொல்லவில்லை? நேற்றும் வந்தாள், இன்றும் வந்திருக்கிறாள். அச்சு அசல் உன் ஜாடை. கேட்டுக்கு வெளியேதான் நிற்கிறாள், கூப்பிட்டால் உள்ளே வர மாட்டேன் என்கிறாள். ஏதோ கேட்கிறாள், உங்கள் பாஷை எனக்குப் புரியவில்லை. பதிவு செய்து அனுப்பியிருக்கிறேன், என்னவென்று சொல்.

அந்த நேரத்தில் கணக்கு டீச்சர் எங்கள் ஸ்கூலில் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். எனக்கு எதிர் மேஜையில்.

வாயாடி உடனே போன் போட்டு, கதவைத் திறக்காதீர்கள், நான் கூப்பிடும்வரை வெளியே போகாதீர்கள் என்று சொன்னாள். வீட்டம்மா, அவள் போய்விட்டாளே என்றாள். அதன் பிறகு அங்கே யாரும் வரவில்லை. அந்தப் பதிவை வாயாடி தன் போனிலிருந்து அழித்துவிட்டாள். அழிப்பதற்கு முன்னால் அக்காவுக்கு அனுப்பியிருந்தாள்.

டீச்சர் ஒரே ஒரு தடவை எனக்குப் போட்டுக் காட்டினார். எட்டு செகண்ட்தான் இருக்கும். முதலில் காற்று. ஏதோ இரும்பு உரசுகிற சத்தம், கேட்டாக இருக்கலாம். பிறகு ஒரு பெண் குரல். கோபமில்லை. மிரட்டலும் இல்லை. தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, சுத்தமான தமிழில் கேட்டது.

"ஏன்... பஸ்ஸ... மாத்திட்ட?"